ஓராண்டைத் தந்த தேர்வும் ஓராண்டைக் கொண்ட தேர்வும்

ரப்பர் செழித்திருந்த காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு அளவை என்பது புத்தகம் படித்து அறியவேண்டிய பொருளாக இருந்ததில்லை. மரம் சீவி முடித்தவர்கள் பால் வாளிகளோடு நிறுக்கும் இடத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி தராசில் எடை பார்ப்பார். பின்பு மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். எடை மட்டும் போதாது. மழைநீர் கலந்த பாலும் கனக்கும். ஆனால் அதில் ரப்பர் குறைவு. அந்த ரப்பரின் அளவைக் காட்டுவதே மெட்ரோலாக்கின் வேலை. தராசு நாள்தோறும் இரண்டு கிலோ குறைத்தே காட்டுமானால், அது மாறாமல் காட்டுகிறது என்பதற்காக அதை நல்ல தராசு என்று எவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆக, வாளியோடு நின்ற தொழிலாளிக்கு இரண்டு கேள்விகள் தெரிந்திருந்தன. இந்தக் கருவி மாறாமல் அளக்கிறதா? அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா?

உளவியலார் முதற்கேள்விக்கு நம்பகம் என்றும், இரண்டாவதற்கு ஏற்புடைமை என்றும் பெயரிட்டுள்ளனர். பாலுக்காகக் கேட்கப்பட்ட இவ்விரு கேள்விகளும் பிள்ளைகளை அளந்த தேர்வுகளைப் பற்றி நம்மவரிடையே கேட்கப்பட்டது மிக அரிது. அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் இரு தேர்வுகள் ஒரு பிள்ளையின் வாழ்வில் முழுதாக ஓராண்டைத் தீர்மானித்தன. ஒன்று, 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு நடந்த பி.டி.எஸ். என்னும் முதற்படிநிலைத் தேர்வு. அதில் சிறந்து விளங்கியவர் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம். மற்றொன்று, 1988இல் தொடங்கி, 2019இல் கடைசியாக நடந்து, 2021இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். அதன் மலாய்மொழித் தாளில் குறைந்தபட்ச நிலையை எட்டாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர் படிவம் ஒன்றுக்கு முன்னர் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டும். முன்னது ஓராண்டைத் தந்தது. பின்னது ஓராண்டைக் கொண்டது. இரண்டையும் அதே இரு கேள்விகளால் நிறுத்துப் பார்ப்பது தகும்.

அதற்கு முன், இவ்வகைச் சோதனை எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்க்குத் தனிக்கல்வி அளிக்க வழிகாண 1904இல் பிரான்சில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவில் இருந்த ஆல்பிரட் பினே, சீமோன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் முப்பது வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908இல் அதைத் திருத்தி மனவயது என்னும் கருத்தைச் சேர்த்தார். மனவயதை உடல்வயதால் வகுக்கலாம் என்று 1912இல் சொன்னவர் ஜெர்மானியரான ஸ்டெர்ன். வந்த ஈவை நூறால் பெருக்கி அமெரிக்காவில் 1916இல் பரப்பியவர் டெர்மன். நுண்ணறிவு ஈவு என்று இன்று வழங்கும் எண் இவ்வாறு வந்தது. பினே 1911இலேயே மறைந்துவிட்டார். அறிவு மாறாத ஒரு பொருள் என்று அவர் கொள்ளவில்லை. பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை அவரே வகுத்தார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி, பிறர் கையில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று.

கருவி கடல் கடந்தபோது ஏற்பட்ட விபரீதங்கள் பல. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு நுண்ணறிவுச் சோதனை நடந்தது. அதில் ஒரு வினா, கிறிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப்பொருளா என்பது போன்றது. கிறிஸ்கோ அந்நாட்டில் விற்ற ஒரு சமையற் கொழுப்பின் வணிகப் பெயர். கப்பலிலிருந்து இறங்கிச் சில ஆண்டுகளே ஆன இத்தாலியக் கூலியாளுக்கு அது எப்படித் தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கென்று தனியே படச் சோதனை வைத்தார்கள். அதிலோ டென்னிசு மைதானத்தின் படத்தில் வலை விடுபட்டிருப்பதைக் கண்டு வரையவேண்டும். டென்னிசையே பார்த்திராதவனை அறிவிலி என்று எழுதிக்கொண்டது அந்தத் தாள்.

இதனினும் நுட்பமான ஒரு செய்தி உண்டு; தமிழாசிரியர் அறிந்திருக்க வேண்டியது. எண்களை வரிசையாகச் சொல்லி, கேட்டவாறே திருப்பிச் சொல்லச் செய்வது பல நுண்ணறிவுச் சோதனைகளில் ஒரு பகுதி. இதில் மொழிக்கு இடமே இல்லை என்று தோன்றும். வேல்ஸ் மொழி பேசும் பிள்ளைகள் இப்பகுதியில் ஆங்கிலப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பெறுவதன் காரணத்தை எல்லிஸ், ஹென்னெலி என்னும் இருவர் 1980இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நினைவாற்றல் குறைவன்று காரணம். வேல்ஸ் மொழியில் எண்ணுப்பெயர்களைச் சொல்ல நேரம் அதிகம் பிடிக்கிறது. மனம் ஒரு மூச்சில் எவ்வளவு ஒலியைத் தாங்குமோ அவ்வளவே தாங்கும். சீனத்தில் ஒன்று முதல் ஒன்பதுவரை ஒவ்வொன்றும் ஓரசை. தமிழில் அனைத்தும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அசைகள், ‘ஒன்பது’ மூன்று. சீனப்பள்ளி மாணவனும் தமிழ்ப்பள்ளி மாணவனும் தத்தம் மொழியில் இச்சோதனையைச் செய்து, வந்த எண்களை அருகருகே எழுதினால், அங்கே ஒப்பிடப்படுவது இரு மொழிகளின் எண்ணுப்பெயர்களே.

இந்தியாவில் சி. எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயற்சோதனைத் தொகுதி இவ்வகையில் பாராட்டுக்குரியது. கட்டைகளால் வடிவமைத்தல், உருவம் வரைதல், படத்துண்டுகளை இணைத்தல் முதலிய ஐந்து சோதனைகள் அதில் உள்ளன. எழுத்தறிவு பெற்றார்க்கும் பெறாதார்க்கும் தனித்தனித் தரநிலைகளை அவர் வகுத்தார். நினைவுச் சோதனையிலும் எழுத்தறிவு இல்லாதார்க்கு எண்களுக்குப் பதில் ஒலிகளைப் பயன்படுத்தினார். எவரை அளக்கிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொண்ட சோதனை அது. ஆயினும் கட்டை விளையாட்டுக்கூடப் பழகியவனுக்கு எளிது, பழகாதவனுக்கு அரிது என்பதை மறத்தலாகாது.

இனி ஓராண்டைத் தந்த தேர்வுக்கு வரலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் முடிக்க இடம் தருகிறது. விரைந்து கற்கும் பிள்ளையை வீணே காக்கவைக்கக் கூடாது என்னும் எண்ணம் நல்லதே. ஆனால் ‘தாண்டலாம்’, ‘தாண்டக்கூடாது’ என்று பிரிக்க ஒரு கோடு வேண்டும். கோட்டின் இருபுறமும் நிற்கும் பிள்ளைகளை அந்தத் தேர்வு உண்மையிலேயே பிரித்தறிய வல்லதா என்பதே கேள்வி.

கணக்கிட்டுப் பார்க்கலாம். திட்ட விலக்கம் 15, நம்பகக் கெழு 0.90 உள்ள ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளலாம். 0.90 என்பது நன்கு செய்யப்பட்ட தேர்வுக்கே கிடைக்கும் எண். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.10, அதன் வர்க்கமூலம் 0.316; அதை 15ஆல் பெருக்கினால் 4.7. இதுவே அளவீட்டின் திட்டப்பிழை. 80 புள்ளி பெற்ற பிள்ளையின் உண்மை நிலை ஏறத்தாழ 71க்கும் 89க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று சொல்லலாமே ஒழிய, 80 என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்று காலை காய்ச்சல், முதல்நாள் இரவு தூக்கமின்மை, ஊகித்துக் குறித்த விடை சரியாய் அமைந்தது, வேறு தொகுப்பு வினாக்கள் வந்திருந்தால் தவறியிருக்கும் என்பது ஆகிய அனைத்தும் அந்த 4.7இல் அடக்கம். இரு பிள்ளைகளை ஒப்பிடும்போது பிழை இன்னும் பெருகி 6.7 ஆகிறது. 79 பெற்றவளை நிறுத்திவிட்டு 81 பெற்றவளை ஒரு வகுப்பு உயர்த்துவது, மேலே கண்ட தராசில் ஒரு குண்டுமணி வேறுபாட்டுக்காகச் சண்டையிடுவதற்கு ஒப்பு.

நம்பகம் இப்படியென்றால் ஏற்புடைமை இன்னும் சிக்கலானது. தாண்டும் பிள்ளை நான்காம் ஆண்டுப் பாடங்களை விட்டுவிட்டு ஐந்தாம் ஆண்டில் தாக்குப்பிடிப்பாளா, தன்னினும் மூத்த பிள்ளைகளிடையே பேசிப் பழகுவாளா என்பனவே உண்மையில் அறிய வேண்டியவை. ஒன்பது வயதில் ஒரு காலைப்பொழுதில் எழுதிய தாள் இதை முன்கூட்டிச் சொல்லுமா என்பதை, தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தே அறிய முடியும். (இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் ஓர் ஆசிரியர் நடத்தும் தோட்டத்துச் சிறுபள்ளிகளில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை பக்கத்து வரிசைக்கு நடக்கும் நான்காம் ஆண்டுப் பாடத்தையும் காதில் வாங்கிக்கொள்வது வழக்கம். சட்டமும் தேர்வும் இல்லாமலே நடந்த தாண்டல் அது.)

தேர்வு ஐந்தாண்டில் நின்றதற்குக் காரணம் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை மிகுதியாக வருத்துகின்றனர் என்ற கவலை. இதை வெறும் மனிதாபிமானக் காரணமாகக் கொள்வது பாதி உண்மை. பயிற்சி இன்றி வெளிப்படும் திறனைக் காண்பது அதன் நோக்கம். பயிற்சி ஏடும் டியூஷனும் புகுந்தபின் அது காட்டியது எவ்வீட்டில் எவ்வளவு பயிற்சி கொடுத்தார்கள் என்பதைத்தான். பாலில் தண்ணீர் கலப்பதை மெட்ரோலாக் கண்டுபிடித்துவிடும். தேர்வுத்தாளுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஓர் எண்ணின்மேல் பெரிய முடிவுகளை ஏற்றினால் அந்த எண்ணே கெடும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970களில் எழுதியது இங்கும் பொருந்தும். பி.டி.எஸ். நீக்கப்பட்டது சரியே. ஆனால் அளவுகோல் என்ற முறையில் அது எங்கே தவறியது என்னும் பாடம் தமிழ்ப்பள்ளி வட்டாரங்களில் பேசப்படாமலே போயிற்று.

புகுமுக வகுப்பின் கதை வேறு. பழைய தலைமுறையினர் இன்றும் அதை ‘ரிமூவ் வகுப்பு’ என்றே சொல்வர். இடைநிலைப்பள்ளியின் போதனாமொழி மலாய். ஆறாண்டு தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு இடையில் ஒரு பாலம் வேண்டும் என்பது நியாயம். இவ்வகுப்பால் நன்மை பெற்று மேலே சென்றவர் பலர். எனவே அதை முற்றாகப் பழிப்பது நேர்மையன்று. பழிக்க வேண்டியது, ஒரே ஒரு பாடத்தின் அளவையைக் கொண்டு பிள்ளையின் முழு ஓராண்டையும் முடிவு செய்ததையும், அந்த அளவையை ஊரார் படித்த விதத்தையும்தான்.

அறிய வேண்டியது, படிவம் ஒன்றில் மலாயில் நடக்கும் அறிவியலையும் வரலாற்றையும் இந்தப் பிள்ளை புரிந்துகொள்வானா என்பது. தாள் அளந்ததோ தேர்வுக்கூடத்தில் மலாய் எழுதும் திறனை. இரண்டும் உறவுடையவை, ஒன்றல்ல. இரவுச்சந்தையில் தந்தையின் கடையில் நின்று மலாயில் தாராளமாகப் பேசி வியாபாரம் செய்யும் பையன் கட்டுரையில் இலக்கணம் பிழைத்துத் தவறுவான். மாதிரிக் கட்டுரைகளை உருப்போட்ட பெண் தேறிவிடுவாள். ஆனால் வகுப்பில் ஆசிரியர் விரைந்து பேசினால் விழிப்பாள். தோட்டத்து வீட்டில் தமிழ், விளையாட்டில் தமிழ், கோவிலில் தமிழ் என்று வளர்ந்து, மலாயைப் பாடவேளையில் மட்டுமே கேட்ட பிள்ளை பெற்ற குறைந்த புள்ளி, அவன் மலாயைக் கேட்ட மணிநேரத்தின் அளவு. அதை மூளையின் அளவாக எழுதிக்கொண்டார்கள் அண்டைவீட்டார். சில வேளை பெற்றோர். மிகவும் வருந்தத்தக்கது, சில வேளை ஆசிரியரும். கணிதத்தில் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவனும் அந்த வகுப்பில் ஓராண்டு அமர்ந்தான். உடன் படித்த நண்பர்கள் படிவம் இரண்டில் இருக்கையில் அவன் படிவம் ஒன்றில் நுழைந்தான். அந்த இடைவெளி பதின்மூன்று வயதில் சிறியதன்று.

பள்ளிகளை அளந்த எண்ணும் இதே குற்றத்துக்கு ஆளானது. ஏழு பேர் தேர்வெழுதும் தோட்டப்பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி நூற்றுக்கு எண்பத்தாறாக விழும். மறு ஆண்டு எல்லாரும் தேறினால் நூறு. போதனை அப்படியே இருக்க, முதலாண்டு ஏச்சும் மறு ஆண்டு பதாகையும் கிடைத்தன.

2011இல் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த பள்ளிசார் மதிப்பீட்டில் உளவியல் மதிப்பீடும் ஓர் உறுப்பாகச் சேர்க்கப்பட்டது. இயல்பையும் நாட்டத்தையும் அறிந்து வழிகாட்டுவது அதன் பயன். அது வகுப்பைத் தாண்டவைக்கவும் நிறுத்தவும் பயன்படும் எண்ணாக மாறாதவரை பினேயின் முதல் நோக்கத்துக்கு அருகில் இருக்கும்.

மொழித்தடையையும் அறிவுத்தடையையும் பிரித்துக்காண ஓர் எளிய முறை எந்தப் பள்ளியிலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. சம அளவு கடினமுள்ள இரு கணக்குத் தாள்கள் வேண்டும். சொற்கணக்குகளாக இருத்தல் நன்று. ஒவ்வொரு தாளையும் தமிழிலும் மலாயிலும் அச்சிட வேண்டும். வகுப்பில் ஒரு பாதியினர் முதல் தாளைத் தமிழிலும் இரண்டாவதை மலாயிலும் எழுதட்டும். மறுபாதியினர் முதல் தாளை மலாயிலும் இரண்டாவதைத் தமிழிலும் எழுதட்டும். முன்னே எழுதிய பயிற்சியால் வரும் ஏற்றம் இரு மொழிக்கும் சமமாகிவிடும். தமிழில் பத்துக்கு எட்டும் மலாயில் மூன்றும் பெற்ற பிள்ளைக்குத் தேவை மலாய். இரண்டிலும் மூன்று பெற்ற பிள்ளைக்குத் தேவை கணக்கு. யு.பி.எஸ்.ஆர். காலத்து மலாய்மொழித் தாள் இவ்விருவரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது.