ஒரே ஊர், பல எழுத்து

கோயில் வரலாறுகள் பூவிருந்தவல்லி என்று எழுதும் ஊரைப் பேருந்தின் பெயர்ப்பலகை பூந்தமல்லி என்கிறது. பழைய சென்னைவாசிகளின் வாயில் அது பூனமல்லி. ஆங்கிலேயர் ஏட்டில் ஏறியது இந்த மூன்றாவது ஒலியை ஒட்டிய வடிவம். நடுவிலிருந்த 'த' அதில் இல்லை. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று நீளும் மேற்குப் புறநகரில் பல ஊர்களுக்கு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து உண்டு. பிழை என்று தள்ளப்படும் வடிவங்களில் பெரும்பாலானவை, அந்தப் பெயர் யார் காது வழியாக, எந்த எழுத்துமுறைக்குள் நுழைந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பவை.

தமிழ் இலக்கணம் இத்தகைய மாற்றங்களை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. பந்தல் பந்தர் ஆவதும் சாம்பல் சாம்பர் ஆவதும் போலி. தஞ்சாவூர் தஞ்சை ஆவது மரூஉ. பூசலார் நாயனாரின் ஊரான திருநின்றவூர், பேச்சில் தின்னனூர் ஆனதும் இந்த வரிசையில்தான் வரும். கன்று 'கன்னு' ஆவதுபோல நின்ற 'நின்ன' ஆகிறது. முன்னுள்ள 'திரு' தேய்ந்து 'தி' மட்டும் மிஞ்சுகிறது. ரயில்வேயும் ஒரு காலத்தில் நிலையத்துக்குத் தின்னனூர் என்ற பெயரையே வைத்திருந்தது. சுந்தரர் பாடிய திருமுல்லைவாயிலிலும் இதே கதை. சீர்காழிப் பக்கத்துத் தலத்திலிருந்து பிரித்துக்காட்ட 'வட' சேர்த்துச் சொல்லப்படும் இந்த ஊர், மக்கள் வாயில் திருமுல்லைவாயல். அந்த 'வாயல்' ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது 'வோயல்' என்று படிக்கும்படி ஆகிவிட்டது. இன்று மூன்று வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன.

பேச்சு மட்டும் காரணமல்ல, எழுதிய முறையும் காரணம். ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியும் வழக்கில் அது நிற்கவில்லை. ஆகவே பழைய ஏட்டில் போரூரும் பொரூரும் ஒன்றுபோலவே இருக்கும். திருவேற்காட்டின் 'வே'யை 'வெ' என்றும் படிக்க முடியும். ஊர் தெரிந்தவர் சரியாகப் படிப்பார், தெரியாதவர் தடுமாறுவார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரால் வழங்கும் சீர்திருத்தம் நெடிலுக்குத் தனிக் குறி கொடுத்த பிறகே இந்தக் குழப்பம் தீர்ந்தது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ஒலி எதுவும் மாறவில்லை. திருமுல்லைவாயிலின் 'லை', துதிக்கைபோல வளைந்த பழைய கொம்பை இழந்து இன்றைய உருவம் பெற்றது.

தமிழில் தீர்ந்த சிக்கல் ஆங்கில எழுத்தில் அப்படியே இருக்கிறது. அங்கே குறில் நெடிலுக்குத் தனி உயிரெழுத்து கிடையாது; 'த'வுக்கும் 'ட'வுக்கும் தனி மெய்யெழுத்தும் கிடையாது. சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் மின்தொடர் வண்டியில் கொரட்டூரும் அம்பத்தூரும் இடையில் ஒரே ஒரு நிலையம் விட்டு வரும் நிலையங்கள். ஒன்றின் முடிவு 'ட்டூர்', மற்றொன்றின் முடிவு 'த்தூர்'. ஆங்கிலப் பலகையில் இரண்டும் ஒரே ஐந்து எழுத்துகளில் முடிகின்றன. ஆங்கிலத்தை மட்டும் படிக்கும் வெளியூர்க்காரர் கொரத்தூர் என்றோ அம்பட்டூர் என்றோ சொன்னால் குற்றம் அவருடையதல்ல. 'ன்ற' படும் பாடு இன்னும் வேடிக்கை. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரை ஆங்கிலத்தில் எழுதும்போது இடையில் ஒரு 'ட்' நுழைகிறது. திருநின்றவூரில் அதே 'ன்ற' அது இல்லாமலே எழுதப்படுகிறது. 'ழ'வை எழுதுவதிலும் ஒழுங்கில்லை: சோழவரத்தில் அது 'ல'வாகிவிட்டது, புழலில் இரண்டு எழுத்து சேர்ந்து 'ழ'வாக நிற்கிறது.

ஆங்கிலமும் தன் சொற்களுக்கே நெடுநாள் நிலையான எழுத்து வைத்திருக்கவில்லை. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியில் 'மியூசிக்' என்ற சொல்லின் கடைசியில் இன்று இல்லாத ஒரு 'கே' உண்டு. 1828இல் வந்த வெப்ஸ்டர் அகராதியில் அது இல்லை. அகராதிகளும் அச்சகங்களும் சேர்ந்து மெல்ல மெல்ல ஏற்படுத்திய ஒழுங்கு அது.

தமிழ்நாட்டில் அந்த ஒழுங்கை ஒரே ஆணையில் கொண்டுவரும் முயற்சி 2020இல் நடந்தது. 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை அந்த ஜூனில் வெளியே தெரிந்தது. அப்போது தமிழ் வளர்ச்சித் துறையைக் கவனித்த அமைச்சர் க. பாண்டியராஜன், ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்ற முழு வடிவம் கொடுக்கப்பட்டது. அம்பத்தூரின் 'த்தூ'வுக்கு எழுத்துகள் கூட்டப்பட்டன. வேலூரின் 'வே'யைக் காட்ட ஆங்கில 'இ' இரட்டிக்கப்பட்டது. படித்தவர்களுக்கு அது 'வீலூர்' என்று ஒலித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நியாயமானது, நடைமுறையில்தான் கோளாறு. எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்ற அட்டவணை மக்களுக்குப் பழகுமுன்னே பெயர்கள் மாற்றப்பட்டன. அறிஞர்களிடம் அட்டவணைக்குப் பஞ்சமில்லை: 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலும், 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரத்திலும் அது உண்டு. ஆனால் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்ட அந்த எழுத்துகளைச் சாலைப் பலகையிலோ ஆதார் அட்டையிலோ எதிர்பார்க்க முடியாது.

ஆவடியின் எழுத்து ஏறக்குறைய நிலையானது. ஆனாலும் அதை ராணுவத் தளவாடக் கிடங்கின் ஆங்கிலச் சுருக்கம் என்று விளக்குவோர் உண்டு. ஆனால் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததே 1961இல்தான்; ஊர்ப்பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கே ஆவடி மாநாடு என்றுதான் பெயர். ஆங்கில எழுத்தில் தொடர்ந்து பார்க்கப்பட்ட ஊர்ப்பெயர், ஆங்கிலச் சொல்லாகவே கருதப்படும் நிலை இது.

இந்த வேறுபாடுகள் வலிக்கும் இடம் ஆவணம். பழைய கிரயப் பத்திரத்தில் ஒரு வடிவம், பட்டாவில் வேறொன்று, வங்கிக் கடன் தாளில் இன்னொன்று என்றிருந்தால், ஒரே மனைதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் மனைக்காரர். பத்திரம் எழுதுவோர் கையாளும் வழி எளிமையானது: 'பூந்தமல்லி என்கிற பூவிருந்தவல்லி' என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். பத்திரத்தில் தனித்தனியாக நடக்கும் இந்த வேலையை அரசு ஊர்தோறும் செய்ய வேண்டும். தமிழ், ஆங்கில வடிவங்கள் அனைத்தையும் அவை வழங்கிய காலத்தோடு ஒரே பட்டியலில் இணைத்து, பத்திரப்பதிவு, வருவாய், ரயில்வே, அஞ்சல் ஆகிய துறைகள் எல்லாம் அதையே தேடுகருவியாக வைத்துக்கொண்டால், தின்னனூரைத் தேடுபவர் திருநின்றவூரின் ஏட்டைக் கண்டடைவார்.