உரையில் இல்லாத பாதி

1993-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் கேப்டவுன் நாடாளுமன்றத்தில் தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவர் டி கிளார்க் நிகழ்த்திய உரையை உலகம் ஒரு செய்தியாகவே படித்தது. தான் ஆக்கிய அணுகுண்டுகளைத் தானே அழித்துவிட்டதாக ஓர் அரசு அறிவித்தது அரிய நிகழ்ச்சிதான். அதனைக் குறைத்து மதிப்பிட யாம் விரும்பவில்லை. ஆயினும், அவ்வுரையை ஓர் எழுத்தாகக் கொண்டு நிதானமாகப் படிப்போர்க்கு, அது சொன்னதைக் காட்டிலும் சொல்லாது விட்டதே பெரிதாகத் தோன்றும்.

1974-இல் முடிவெடுத்தோம், ஏழு குண்டுகள் செய்யத் திட்டமிட்டு ஆறினை முடித்தோம், பின்னர் அவற்றைக் கலைத்துவிட்டு, 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் சேர்ந்தோம் என்கிறது உரை. சோவியத் விரிவாக்கத்தால் விளைந்த அச்சமே தொடக்கக் காரணமாம். 1975 முதல் அங்கோலாவில் பெருகிய கியூபப் படையும், உலகில் தமக்கு நேர்ந்த தனிமையும் அவ்வச்சத்தை வலுப்படுத்தினவாம்.

இந்தத் 'தனிமை' என்னும் சொல்லில்தான் நம் கண் நிலைகுத்தி நிற்கிறது. வறட்சியும் வெள்ளமும் போல் அது வானத்திலிருந்து வந்திறங்கியதா? 1976-இல் சோவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கி நீண்டது. 1977-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுவிலிருந்த இடம் பறிபோய் எகிப்துக்குச் சென்றது. 1979-இல் புதுடில்லியில் கூடிய அம்முகமையின் பொது மாநாடு தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகளை ஏற்க மறுத்தது. நிறவெறியே அத்தனிமையின் தாய். உரையோ பிள்ளையை அறிமுகம் செய்துவிட்டுத் தாயை மறைத்துவிடுகிறது.

குண்டினை வீசும் எண்ணமே தமக்கு இருந்ததில்லை என்றும் உரை கூறுகிறது. நெருக்கடி முற்றினால் அமெரிக்கா போன்றதொரு வல்லரசின் காதில் மட்டும் செய்தியைப் போட்டு, அதனைத் தலையிடச் செய்வதே உத்தியாம். கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று வீட்டாரை மிரட்டுகிறவரின் தந்திரம் இது! யுரேனியம் செறிவூட்டப்பட்ட இடத்திற்கு வலிண்டாபா என்று பெயர். 'இதைப்பற்றிப் பேசுவதில்லை' என அதற்குப் பொருள் கூறுவர். பெயரிட்டவர் உரையாசிரியரினும் நேர்மையானவர்.

இனி, கேட்டோர் யார்? 1984-இல் அமைந்த அந்நாடாளுமன்றத்தில் வெள்ளையர்க்கு ஓர் அவை, கலப்பினத்தார்க்கு ஓர் அவை, இந்தியர்க்கு ஓர் அவை. நேட்டாலில் கரும்பு வெட்டச் சென்ற தமிழரின் வழிவந்தோர்க்கும் அதில் பங்கு நீட்டப்பட்டது. இந்திய வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே செல்லவில்லை. மண்ணின் மைந்தரான கறுப்பர்க்கோ ஓர் இருக்கையுமில்லை. வல்லரசுகளுக்கும் முகமைக்கும் கணக்கு ஒப்புவிக்கும் அவ்வுரை, எவர் உழைப்பில் அந்நாட்டுச் சுரங்கங்கள் இயங்கினவோ அம்மக்களை நோக்கி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அவர்கள் வாக்களிக்க மேலும் ஓராண்டு செல்ல வேண்டியிருந்தது. 1994 ஏப்ரலில் அவர்கள் வரிசையில் நின்றபோது, குண்டுகளும் இல்லை. அவற்றின் வரைபடங்களும் இல்லை.