இடுக்கும் திரையும்: இர்விங் பென்னின் உருவப்படங்கள்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென், 1948இல் நியூயார்க்கில் இரண்டு தட்டிகளைக் குறுங்கோணத்தில் சேர்த்து நிறுத்தி, புகழ்பெற்றோரை அந்த இடுக்கில் வைத்துப் படமெடுத்தபோது, எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி பெரிய மேலங்கிக்குள் ஒடுங்கி நாற்காலியில் மண்டியிட்டார். நெருக்கடியே சுபாவத்தை வெளிக்கொணர்ந்தது. இந்த உத்தியில் சற்றே நாடகத்தன்மை உண்டு.

1950இல் பாரிஸில் அவர் பழைய நாடகத் திரையொன்றைப் பின்புலமாக்கி, வடதிசை ஒளியில், அதாவது நேர்வெயில் படாமல் ஏறக்குறைய சீராக விழும் சன்னல் வெளிச்சத்தில், தொழிலாளர்களை அவரவர் வேலையுடையோடும் கருவிகளோடும் நிறுத்தினார். பின்னர் அதே ஒளிக்காகக் கூடாரமொன்றை நேபாளம், மொராக்கோ முதலிய நாடுகளுக்குக் கொண்டுசென்றார். வெறும் பின்புலம் மனிதரை வாழிடத்திலிருந்து பிரித்துவிடுகிறது என்ற குறை முற்றிலும் தவறன்று. எனினும் பார்வை முகத்திலேயே தங்கும் அத்தொழிலாளர் வரிசையே அவர் படைப்புகளில் தலையாயது.