நடுகல்லும் சாதனைப் பட்டியலும்

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியின் படையினரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்ட பழைய கோட்டையின் சிதைந்த மதில்களைத் தலையிலே தாங்கி நிற்கும் தியாகதுருகத்து மலையடியில், கிழக்கு வெளுப்பதற்கு முன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். காவலர் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும் என்பதற்காக ஓடுகிறவர்கள் சிலர். குறுவட்டப் போட்டியிலும் வருவாய் மாவட்டப் போட்டியிலும் தொடங்கிப் படிப்படியாக மேலேறி, விளையாட்டு வீரர்களுக்கென்று அரசு வேலையில் ஒதுக்கியிருக்கும் மூன்று சதவீதத்தில் ஓர் இடம் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஓடுகிறவர்கள் சிலர். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோ, ஓட்டம் என்பது தனியாகக் கற்க வேண்டிய வித்தை என்ற நினைப்பே இல்லாமல் ஓடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுக்காலம் விசில் ஊதியவன் என்ற ஒரே யோக்கியதையில் இதை எழுதப் புகுந்த என்னிடம், சென்ற கோடையில் ஒரு பையன் ஓடிக் களைத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "சார், ஜிம்முல ஒரு அண்ணன் சொல்றாரு, ஊசி போட்டுக்கிட்டா ரெண்டே மாசத்துல டைம் இறங்கிடுமாம். எல்லாரும் போடுறாங்களாம்."

"எல்லாரும்னா யாருடா?"

"பெரிய பெரிய ரெக்கார்டு வெச்சவங்க எல்லாரும் சார். அவங்களுக்கு மாலை போடலையா?"

ஊசியினால் ஈரலும் இருதயமும் கெடும் என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் அவன் கேட்டது வைத்திய விஷயம் மட்டுமன்று. ஊக்கமருந்துச் சந்தேகம் படிந்த காலத்தில் எழுந்த சாதனைகளுக்கு மரியாதை உண்டா, இல்லையா என்பதே அவன் கேள்வியின் சாரம். அதற்கு அன்று எனக்கு நேரான விடை வரவில்லை. உலகம் இதற்கு எத்தனை வகையாக விடை சொல்லியிருக்கிறது என்பதை வரிசையாக நிறுத்திப் பார்த்தால்தான் நம்முடைய விடையும் தெளிவாகும்.

இவ்விவாதம் மிக உரக்க நடந்த இடம் அமெரிக்கா; விளையாட்டு பேஸ்பால். கிரிக்கெட்டில் சிக்ஸர் எப்படியோ அப்படி அங்கே ஹோம் ரன். ஒரு பருவத்தில் 60 ஹோம் ரன் என்று 1927-இல் பேப் ரூத் வைத்த எல்லையை 1961-இல் ரோஜர் மாரிஸ் ஒன்றே ஒன்று கூட்டி 61 ஆக்கினார். அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் அசையாமல் இருந்த அந்த எண்ணை 1998-இல் மார்க் மெக்வயர் 70-க்கும், 2001-இல் பேரி பாண்ட்ஸ் 73-க்கும் கொண்டுபோனார்கள். பாண்ட்ஸின் வாழ்நாள் கணக்கு 762. ஹாங்க் ஆரனின் 755-ஐ அவர் கடந்தது 2007-இல். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மிட்செல் அறிக்கை, அந்த யுகம் முழுவதிலும் ஸ்டீராய்டு எவ்வளவு பரவியிருந்தது என்பதை விவரித்தது. மெக்வயர் 2010-இல் தாமே ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸுக்கு விளையாட்டு அமைப்பு எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. ஆயினும் புகழ்மண்டபத்துக்கான வாக்கெடுப்பில் பத்து ஆண்டுகள் நின்றும், வேண்டிய 75 சதவீதம் கிட்டாமலே 2022-இல் அவ்வழியில் அவருடைய வாய்ப்பு முடிந்தது. எண்ணை அவரிடமே விட்டுவிட்டு மாலையை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

இவ்விஷயத்தில் அறிஞர்களும் ரசிகர்களும் நான்கு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள் எனலாம்.

முதலாவது, அழிப்புக் கட்சி. தடகளம் பெரும்பாலும் இதன் பக்கம். 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் 9.79 வினாடியில் 100 மீட்டர் ஓடி, மருந்துச் சோதனையில் சிக்கியவுடன் அவ்வோட்டம் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பிறகு விசாரணையில் அவர் வாக்குமூலம் கொடுத்தபோது, முந்திய ஆண்டு ரோமில் ஓடிய 9.83-உம் சேர்ந்து போயிற்று.

இரண்டாவது, குறிப்புக் கட்சி. எண்ணை அழிக்காதே, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடு என்பது இதன் வாதம். பாண்ட்ஸ் அடித்த 756-ஆவது ஹோம் ரன் பந்தை விலைக்கு வாங்கிய ஒருவர், பொதுமக்களிடம் வாக்குக் கேட்டு, அவர்கள் தீர்ப்புப்படி அதிலே நட்சத்திரக் குறியைப் பொறித்துக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டார் என்பது இக்கட்சியின் சரித்திரத்தில் ஒரு சுவையான அத்தியாயம்.

மூன்றாவது, காலக் கட்சி. எல்லோரும் உண்ட காலத்தில் எல்லோரையும் மிஞ்சியவன் மிஞ்சியவனே என்பது அதன் சித்தாந்தம். வேப்பமரத்தடிப் பையன் அறியாமலே இந்தக் கட்சியில் சேர்ந்திருந்தான். உண்ணாமல் நாலாவதாக வந்தவனை இக்கட்சி கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது இதன் பெருங்குறை.

நான்காவது, பிரமாணக் கட்சி. நிரூபணமாகாத வரையில் பூரண மரியாதை என்பது அதன் விதி. கிழக்கு ஜெர்மனியின் மாரிட்டா கோச் 1985-இல் கான்பெராவில் 400 மீட்டரை ஓடிய 47.60 வினாடி, அந்நாட்டு அரசே வீரர்களுக்கு மருந்து புகட்டிய வரலாறு வெளிப்பட்ட பின்னரும் உலக சாதனையாகவே நிற்பது இவ்விதியின் பலத்தில்தான். 2005-க்கு முற்பட்ட சாதனைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஐரோப்பியத் தடகளச் சங்கம் 2017-இல் ஒரு யோசனை கூறியபோது, எந்தக் குற்றமும் சாட்டப்படாத பழைய சாதனையாளர்களே எங்களை ஏன் இதில் சேர்க்கிறீர்கள் என்று எதிர்த்தார்கள். யோசனை நடைமுறைக்கு வரவில்லை.

அயல்நாட்டு விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டம் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வென்றபோது, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவருடைய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். நாண்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்துக்கான சோதனையில் தேறாததால் நான்காண்டுத் தடையும் பதக்க இழப்பும் வந்தபோது, அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் கூறினார். படத்தைச் சுவரிலிருந்து எடுப்பதா விடுவதா என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். அங்கே சட்டம் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் 2021-இல் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் திருச்சி வீராங்கனை தனலட்சுமி 200 மீட்டரை 23.26 வினாடியில் ஓடி, பி.டி. உஷா 1998-இல் வைத்த 23.30 என்ற போட்டிச் சாதனையைக் கடந்தது வேறு வகை. 2022-இல் தனலட்சுமி சோதனையில் சிக்கி மூன்றாண்டுத் தடை பெற்றார். அத்தடை முந்திய ஆண்டு ஓட்டத்தைத் தொடவில்லை. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் தொடரோட்டக் குழுவில் மூவர் மறு ஆண்டே சோதனையில் அகப்பட்டதும், பழைய தங்கம் பழைய தங்கமாகவே நின்றதும் இவ்வகையே.

இத்தகைய இடங்களில் பின்வந்த குற்றத்தைக் கொண்டு முன்நடந்ததைக் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது. அதற்காக நாட்டின் நிலையைக் கண்டும் காணாதிருப்பதும் தகாது. 2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியில், அரங்கத்துக் கழிப்பறையில் ஊசிக்குழல்கள் கிடந்தன. சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்துக்குக் கோட்டிலே வந்து நின்றவர் ஒரே ஒருவர். எட்டுத் தடத்தில் ஒருவர் மட்டும் குனிந்து நிற்க, துப்பாக்கி வெடித்தது. அந்த ஆண்டு இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் மருந்து தென்பட்டது என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்கு.

இனி நம் மண்ணின் சம்பிரதாயம் இதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். நம்முடைய ஆதிச் சாதனைப் பட்டியல் நடுகல். எங்களுக்கு வடக்கே செங்கம் வட்டாரத்திலே கிடைத்த கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாகவே தொகுத்து வெளியிட்டது. எந்த மன்னனின் ஆட்சி, எந்த ஊர், யாருடைய சேவகன், எதற்காகப் போரிட்டான், எப்படி வீழ்ந்தான் என்பதைச் சுருங்கிய வாசகத்தில் சொல்லிவிடுபவை அவை. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து எடுத்தனூர்க் கல், மாடு மீட்கப் போய் இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலே சண்டையில் மாண்ட சேவலுக்குக் கல் நிற்கிறது. எத்தனை பேரை வீழ்த்தினான் என்ற எண்ணிக்கைக்கு இக்கற்களில் முதலிடம் இல்லை. எப்படி நின்றான் என்பதற்கே இடம்.

வெண்ணிப் போரும் இதையே சொல்லும். கரிகாலன் வென்றான், பெருஞ்சேரலாதன் தோற்று, முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்ற கருத்துப்பட வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர் பாடினார். வெற்றி அவனுக்கு என்பதை அந்த அம்மையார் மறுக்கவில்லை. மரியாதையை மட்டும் வேறு தட்டில் வைத்து நிறுத்தார். நம் காலத்தில் இதற்கு நிகராக ஒன்று நடந்ததென்றால், அது கிழக்கு ஜெர்மனியின் ஓட்டக்காரி இனெஸ் கைப்பெல் செய்தது. தாம் பங்குகொண்ட தொடரோட்டச் சாதனை மருந்தினால் வந்தது, பட்டியலிலிருந்து என் பெயரை எடுங்கள் என்று அவர் தாமே கேட்டு, பெயர் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறி வரச் செய்தார். கோச்சின் 47.60-ஐ விட அந்த வெற்றிடத்துக்கு நான் எழுந்து நிற்பேன்.

தடகள விதியிலேயே இந்தச் சிக்கலுக்கொரு வழி மறைந்திருக்கிறது. முதுகுக் காற்று வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் நேரம் சாதனையாகாது. ஓடியவனை எவரும் திருடன் என்பதில்லை, ஓட்டமும் அழிவதில்லை, காற்று இவ்வளவு என்ற குறிப்போடு தனியே நிற்கிறது. காற்றுமானியே இல்லாத மைதானமானால், காற்று அளக்கப்படவில்லை என்று எழுதப்படுகிறது. சந்தேக யுகத்துச் சாதனைகளுக்கும் இதுவே தகும் என்பது என் அபிப்பிராயம். நிரூபணமானதை நீக்குக. நிரூபணமாகாததை எண்ணாகவே வைத்து, அந்நாளில் சோதனை இருந்ததா, எவ்வளவு இருந்தது என்பதைப் பக்கத்திலே எழுதுக. மாலை வேறு விஷயம். 'எப்படி' என்ற கேள்விக்கு விடை கூறக்கூடிய சாதனைக்கே அது உரியது.

அப்படி விடை கூறிய ஓர் எண்ணைப் பிறகு அந்த வேப்பமரத்தடிப் பையனுக்குச் சொன்னேன். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் உஷா 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 வினாடியில் முடித்து, நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். பதக்கமில்லாத அந்த எண்ணை நாடு முப்பத்தொன்பது ஆண்டுகள் மனப்பாடமாக வைத்திருந்து, 2023-இல் ஹாங்சோவில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ஐத் தொட்டபோது கொண்டாடியது.

என் பழைய பள்ளி நோட்டிலே ஆண்டு, பெயர், பந்தயம், நேரம் என்ற நான்கு பத்திகளுக்குப் பின் குறிப்பு என்று ஐந்தாவது பத்தி ஒன்று உண்டு. 'வெறுங்கால்', 'மழை பெய்த மண்', 'கைக்கடிகார நேரம்' என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு வருஷம் 100 மீட்டரில் எல்லாரையும் வியக்கவைத்த ஒரு நேரத்துக்கு எதிரே, மறுநாள் நானே நாடா பிடித்து அளந்துவிட்டு எழுதிய குறிப்பு: 'தடம் மூன்று மீட்டர் குறைவு.' கோடு போட்டவன் நான், பையன்மேல் தப்பில்லை. அவன் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது; குறிப்பும் இருக்கிறது. பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: ஐந்தாவது பத்தியை வெறுமையாக விடாதீர்கள்.