ஸ்டீவன்ஸனும் கழுதையும்

பிரயாண நூல்கள் பெரும்பாலானவற்றை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடிவதில்லை. ஆசிரியர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், அறைக்கு என்ன வாடகை கொடுத்தார் என்பதெல்லாம் தெரிந்துவிட்ட பிறகு நமக்கு அங்கே வேலை இல்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் பிரான்ஸ் தேசத்து ஸெவென் மலைகளில் ஒரு கழுதையோடு நடந்த கதையை மட்டும் நான் நாலைந்து தடவை படித்திருக்கிறேன். 1879இல் வெளிவந்த சிறிய புத்தகம்.

விஷயம் சிறிதுதான். 1878ஆம் வருஷக் கோடையின் கடைசியில், லெ மொனாஸ்தியே என்ற மலையூரில் அவர் சுமார் ஒரு மாதம் தங்கினார். அப்போது வயது 27. செப்டம்பர் 22ஆம் தேதி மொடஸ்டின் என்ற கழுதைமேல் மூட்டையை ஏற்றித் தெற்கே கிளம்பி, பன்னிரண்டு நாளில் சுமார் 120 மைல் நடந்தார். கழுதையை வாங்கியது 65 பிராங்குக்கும் ஒரு கிளாஸ் பிராந்திக்கும். விற்றது, சேணத்தையும் சேர்த்து, 35 பிராங்குக்கு.

அந்த ஒரு மாத வாசத்தைப் பற்றி அவர் தனியாக ஓர் அத்தியாயம் எழுதினார். மடியில் திண்டை வைத்துக்கொண்டு தெருவில் கூடி உட்கார்ந்து லேஸ் பின்னும் பெண்களும் அவர்கள் பேச்சும் அதில் வருகிறார்கள். நூலின் தொடக்கமாக இருக்கவேண்டிய அதை எடுத்துவிட்டார். அவர் காலமான பிறகுதான் அது அச்சாயிற்று. நன்றாக வந்த பக்கங்களை வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதுகிறவனுக்குத் தெரியும். ஆனாலும் செய்தது சரிதான். அது இருந்திருந்தால் கழுதை வருவதற்குள் நாம் அந்த ஊரிலேயே குடியேறியிருப்போம். அந்த மாதம் வீணாகவும் இல்லை. வழிச் சத்திரங்களிலும் பனிமய மாதா மடத்திலும் அவர் பிறர் பேசுவதைக் கேட்கும் பொறுமை, ஓர் ஊரில் சும்மா உட்கார்ந்து பழகியவனுடைய பொறுமை.

விட்டுவிட்ட இன்னொன்று ஃபானி ஆஸ்போர்ன். அவரைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணமாகிக் குழந்தைகளும் உள்ள அமெரிக்கப் பெண். அந்த ஆகஸ்டில்தான் அவள் ஊர் திரும்பினாள். நூலில் அவள் பெயர் எங்கும் இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே, ஆட்டுரோமம் வைத்துத் தைத்த சாக்குக்குள் படுத்து, நிறைவாக நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு துணை இல்லையே என்று தோன்றுகிறது. அவ்வளவுதான். காலையில் இரவுத் தங்கலுக்குக் கூலியாகப் புல்லில் சில காசுகளை வைத்துவிட்டு நடக்கிறார்.

வாழ்க்கைச் சரித்திரம் தெரிந்தவனுக்குத்தானே இது புரியும் என்று கேட்கலாம். கல்லூரியில் படித்த காலத்தில் முதல் தடவை வாசித்தபோது எனக்கு ஃபானியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த மனிதர் எதையோ மறக்க நடக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. 1702இல் கலகம் செய்த காமிஸார்டுகள் என்ற புராட்டஸ்டண்டுக் குடியானவர்களின் சரித்திரம் வருகிற இடங்களில் கால் நின்றுவிடுகிறது. புத்தகங்களைப் புரட்டிச் சேர்த்த பக்கங்கள் அவை. கழுதையை அடிப்பதும் தார்க்குச்சியால் குத்துவதும் சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மறைக்காமல் எழுதினாரே, அதனால்தான் கடைசிப் பக்கம் நிற்கிறது. மொடஸ்டினை விற்றுவிட்டு வண்டியில் ஏறிய பிறகுதான் இழந்தது தெரிகிறது, அழுதுவிடுகிறார். பாதி வேடிக்கையாகச் சொல்லப்பட்ட அந்த அழுகை முழுவதும் கழுதைக்காக என்று என்னால் நம்ப முடியவில்லை. மறு வருஷம் அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1880இல் கல்யாணம் நடந்தது.

இன்று அந்த வழிக்கு ஸ்டீவன்ஸன் பாதை என்றே பெயர். நடக்கிறவர்களுக்கு வாடகைக் கழுதைகூடக் கிடைக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். வெளிநாடு போய்வந்து எழுத உட்காருகிறவர்கள் மட்டும், பேனாவைத் திறக்கும் முன் இந்தப் புத்தகத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.