பெருந்தரவுப் பகுப்பாய்வில் சோதனையின் இடம்: தமிழ்ச் சொல்லெண்ணிக்கையை முன்வைத்து

ஒரு மென்பொருளைச் சோதிப்பவரிடம் சரியான விடை முன்னரே இருப்பது வழக்கம். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலைச் சரிபார்க்கச் சிலருடைய சம்பளத்தைக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். கோடிக்கணக்கான சொற்களைக் கொண்ட தரவகத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் கையால் எண்ணிச் சொல்வார் எவருமிலர். பெருந்தரவுப் பகுப்பாய்வைச் சோதிப்பதன் அடிப்படைச் சிக்கல் இதுவே. ஒப்பிட விடை இல்லாதபோது, தரவின் அளவும் நிரலின் விரைவும் நம்பகத்தன்மைக்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வணுகுமுறை ஏற்கத்தக்கதன்று.

இணையத்திலிருந்து தானியங்கி முறையில் திரட்டப்பட்ட ஐந்து பன்மொழித் தொகுப்புகளைச் சேர்ந்த 205 மொழிவாரித் தரவகங்களின் தரத்தை, மாதிரித் தொடர்களை மனிதர் படித்து மதிப்பிட்ட ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. அவற்றுள் குறைந்தது 15 தரவகங்களில் பயன்படத்தக்க உரை ஏதுமில்லை என அது கண்டது. நிரல் ஓடி முடிந்தது என்பதால் மட்டும் தரவு சரியானது என்று ஆகிவிடாது என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

தமிழ்த் தரவில் சிக்கல் எழுத்தளவிலேயே தொடங்குகிறது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். இவ்விரண்டையும் ஒருங்குறியின் இயல்பாக்க விதி ஒன்றாக்கிவிடும். ‘ஔவையார்’ என்னும் பெயருக்கு அவ்விதி முழுமையாக உதவாது. ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்து ‘ஒளவையார்’ என எழுதும் வழக்கமும் பரவலாக உண்டு. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும் இவை கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ஒரு வடிவத்தை மட்டும் தேடும் ஆய்வாளருக்குச் சான்றுகளில் ஒரு பகுதியே கிட்டும். எஞ்சியவை விடுபட்டன என்னும் எச்சரிக்கை எதுவும் வாராது. ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என மாற்றிவிடலாம் என்றால் ‘ஒளி’ சிதைந்துவிடும். ஆகவே திருத்தமும் சோதனைக்கு உட்பட்டதே.

விடை தெரியாத இடத்திலும், விடைகளுக்கிடையே அமைய வேண்டிய உறவுகளைச் சோதிக்க இயலும். தரவகத்தை இரு கூறாக்கித் தனித்தனியே எண்ணினால், கூட்டுத்தொகை முழுத் தரவகத்தின் எண்ணிக்கைக்கு ஈடாக வேண்டும். கோப்புகளின் வரிசையை மாற்றினாலும் எண்ணிக்கை மாறலாகாது. ‘ஔவையார்’ என்பதைத் தரவு முழுவதும் ‘ஒளவையார்’ என மாற்றி அளித்தாலும் தேடலின் விடை மாறலாகாது. முதலிரு சோதனைகளில் தேறும் நிரல் மூன்றாவதில் தவறக்கூடும். முன்னவை எம்மொழித் தரவுக்கும் பொருந்துவன. மூன்றாவதை வகுக்கத் தமிழெழுத்து மரபறிந்தவர் வேண்டும். எனவே தரச்சோதனையைப் பொறியாளர்க்கு மட்டும் உரியதென விட்டுவிடுதல் பொருந்தாது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைப் பதிவுசெய்த உ.வே.சாமிநாதையரின் பதிப்பு நெறி, படிப்பவர் தாமே சரிபார்க்க வழிவைத்தது. சொல்லெண்ணிக்கையைச் சான்றாகக் கொண்டு ஒரு சொல்லாட்சி பெருகியது, அருகியது என முடிவுரைக்கும் ஆய்வுகளுக்கும் அக்கடப்பாடு உண்டு. எவ்வடிவங்கள் ஒன்றாகக் கொள்ளப்பட்டன, எச்சோதனைகள் நடத்தப்பட்டன, எவற்றில் தரவகம் தவறியது என்பனவும் உடன் வெளியிடப்பெறல் வேண்டும். அவ்விவரங்களின்றி வரும் எண்ணிக்கையை மொழி வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.