பண்டத்தின் ஞாபகமும் மறதியும்

பழைய கார் சேகரிப்பது பணக்காரன் பொழுதுபோக்கு, அதுல நமக்கென்ன வேலை என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கக்கூடாது என்பதே என் வாதம். பண்டம் தன் பிறப்பை மறைத்துக்கொள்ளும் என்று மார்க்ஸை வைத்து நாம் பலமுறை எழுதியாயிற்று. தன் பிறப்பைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே அதை மறைக்கிற பண்டமும் உண்டு. அமெரிக்காவின் டாட்ஜ் சார்ஜர் அப்படிப்பட்டது.

‘மசில் கார்’ என்பது நடுத்தர அளவு உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்கள் கையில் வேகத்தை விற்ற வகை. கிறைஸ்லர் கம்பெனி 1966-இல் சார்ஜரைக் கொண்டுவந்தது. 1968-இல் இடை ஒடுங்கிய புது வடிவம் வந்தபோது முப்பத்தைந்தாயிரம் விற்றால் போதும் என்றிருந்தவர்கள் 96,000 கார்கள் விற்றார்கள். அதே ஆண்டு ‘புல்லிட்’ படத்தில் கொலைகாரர்கள் ஓட்டிவந்த கறுப்புச் சார்ஜர் திரையில் நிலைத்துவிட்டது. 1969-இல் பந்தயத்துக்கென்றே ‘டேடோனா’: கூர்மூக்கு, பின்னால் 23 அங்குல உயரத்தில் ஒரு இறக்கை. குறைந்தது 500 கார்களாவது பொதுமக்களுக்கு விற்றால்தான் பந்தயத்தில் அனுமதி என்பது விதி. அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் செய்து நிறுத்திக்கொண்டார்கள். அன்று நாலாயிரம் டாலர் அளவில் விலை போட்ட இந்தக் காரில் 426 ஹெமி எஞ்சின் பொருத்திய ஒன்று, 2015 ஜனவரியில் 9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

விலையைத் தீர்மானிப்பது எது? எண். எஞ்சினில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். டேடோனாவின் அடையாள எண்ணில் ‘பி’ என்ற எழுத்து வரும். ஹாம்ட்ராம்க்கில் இருந்த ‘டாட்ஜ் மெயின்’ ஆலையில் செய்தது என்று அதற்குப் பொருள். இதைவிடப் பெரிய சாட்சி ஒரு தாள். எந்தக் காருக்கு என்ன எஞ்சின், என்ன நிறம், எந்த இருக்கை என்று வரிசையில் நிற்கும் தொழிலாளிக்குச் சொல்லும் தாள் அது. வேலை முடிந்ததும் இருக்கையின் ஸ்பிரிங் இடுக்கில் விட்டுவிடுவார்கள். இன்று இருக்கையைப் பிரிக்கும்போது அது கிடைத்தால் கொண்டாட்டம்தான். எலி கடித்திருந்தாலும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

அதே ஆலையிலிருந்து இன்னொரு தாளும் வந்தது.

1968 மே 2-ஆம் தேதி டாட்ஜ் மெயினில் நாலாயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கத்தின் அனுமதி இல்லாத வேலைநிறுத்தம். பதினாலு வருஷத்தில் அந்த ஆலை பார்த்த முதல் நிறுத்தம். உடனடிக் காரணம், அசெம்ப்ளி வரிசையின் வேகத்தைக் கூட்டியது. கறுப்பர்களும் போலந்து வழி வெள்ளைப் பெண்களும் சேர்ந்தே வெளியேறினார்கள். தண்டனை மட்டும் பெரும்பாலும் கறுப்பர்கள் தலையில் விழுந்தது. ஜெனரல் பேக்கர் போன்றவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்’, சுருக்கமாக ‘டிரம்’. கம்பெனியை மட்டுமல்ல, வெள்ளையர் தலைமையிலிருந்த சங்கத்தையும் அது எதிர்த்தது. வாரந்தோறும் உருட்டச்சில் ஒரு தாள் அடித்து ஆலை வாசலில் கொடுத்தது.

ஒரே ஆலை, இரண்டு தாள். முதலாவது, எதைப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளிக்குக் கட்டளையிடுகிறது. இரண்டாவது, பொருத்துகிறவனுக்கு என்ன நேர்கிறது என்று தொழிலாளியே பேசுவது. முதலாவது காரின் விலையை ஏற்றுகிறது. இரண்டாவது, காரின் கதையில் வருவதே இல்லை. சேகரிப்பாளர்களை மூடர்கள் என்று சொல்லவில்லை. ஒரு திருகாணிக்காக வருஷக்கணக்கில் அலைகிற அவர்களுடைய சிரத்தையைச் சும்மா சொல்லக்கூடாது. பிரச்சினை மறதியில் இல்லை, ஞாபகத்தில்தான். எதை ஞாபகம் வைத்தால் காசு என்பதை ஏலம் தீர்மானித்துவிடுகிறது.

டேடோனாவின் முதல் வெற்றியையே பாருங்கள். 1969 செப்டம்பர் 14, டாலடேகா. மணிக்கு 200 மைல் அளவிலான வேகத்தில் டயர்கள் கிழிகின்றன, உயிருக்கு ஆபத்து என்று ரிச்சர்டு பெட்டி தலைமையில் முன்னணி ஓட்டுநர்கள் பெரும்பாலோர் வெளியேறினார்கள். பந்தய அமைப்பையும் மைதானத்தையும் கையில் வைத்திருந்த பில் ஃபிரான்ஸ், கிடைத்தவர்களை வைத்துப் பந்தயத்தை நடத்தினார். டேடோனா ஜெயித்தது. பெருமைப் பட்டியலின் முதல் வரியே ஒரு புறக்கணிப்பை மீறி எழுதியது. அதற்கு முந்தின வருஷம் ஆலையில் வரிசையின் வேகம், இப்போது தடத்தில் வண்டியின் வேகம். இரண்டு இடத்திலும் உடம்புதான் ‘முடியாது’ என்றது.

மறதி இதோடு நிற்கவில்லை. 1979 முதல் 1985 வரை ஓடிய ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ தொலைக்காட்சித் தொடரில் ஆரஞ்சு நிற 1969 சார்ஜர் ஒன்று வருகிறது. பெயர் ‘ஜெனரல் லீ’. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி பெயர். கூரையில் அவர்களது கொடி. கறுப்புத் தொழிலாளர் திரண்டெழுந்த ஆலையின் மாடல் மீது இந்தக் கொடி! அதை ‘கிராமத்துக் குறும்பு’ என்று ஒரு தலைமுறையே ரசித்தது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பர்கள் கொல்லப்பட்ட பிறகுதான் மறுஒளிபரப்பு நின்றது, கொடி போட்ட பொம்மைக் கார்களும் நின்றன. படப்பிடிப்பில் ஓடிய ஒரு ஜெனரல் லீயை வைத்திருந்த கோல்ஃப் வீரர் பப்பா வாட்சன், கூரையில் அமெரிக்கக் கொடி வரையப்போவதாக அறிவித்தார். வண்ணத்தை மாற்றினால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

டிரம்மையும் சிலையாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. அதன் தலைமை ஆண்களுடையதாகவே இருந்தது. அதிலிருந்து வளர்ந்த கறுப்புத் தொழிலாளர் லீக் 1971-இல் உடைந்தது. டாட்ஜ் மெயின் 1980-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த இடத்தோடு பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுத்தார்கள்.

ஆசிரியன் செத்துவிட்டான் என்று பிரதிகளைப் பற்றி நாம் பேசித் தீர்த்தோம். இந்தப் பிரதியின் ஆசிரியர்கள் சாகவில்லை, வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வாசிப்பு என்பது இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதுதான். இருக்கை இடுக்கில் கிடைத்த தாளோடு ஆலை வாசலில் கொடுத்த தாளையும் சேர்த்து வைத்துப் படிக்காதவரை, எண்கள் எவ்வளவு ஒத்துப்போனாலும் கணக்கு ஒத்துப்போகாது.